ஜமீலாவுக்கு விதிமுறை வராது

நான் சொன்னது பொய்.

இயந்திரம் பணிவாகப் பேசினால் மனிதர்களின் உள்ளங்கை வேர்ப்பது குறையும் என்று ஊருக்கெல்லாம் சொன்னேனே... அது பொய்! அந்தப் பொய்யால் எனக்கு முனைவர் பட்டம் வந்தது, வேலை வந்தது, மேடை வந்தது. அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக என் தோழி ஜமீலாவை, அவள் உயிராக நேசித்த ஆராய்ச்சியிலிருந்து வெளியே தள்ளினேன்.

தள்ளினேன் என்றதும் ஏதோ சண்டை, சூழ்ச்சி என்றெல்லாம் நீங்கள் நினைக்கக்கூடும். அப்படி ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அதுவும் மரியாதையாக, 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்போம்.

இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில், நானும் ஜமீலாவும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவிகள். மனத்தில் நடப்பது உடம்பில் எப்படித் தெரிகிறது என்று அளப்பது எங்கள் துறை. பயந்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும் அல்லவா? அந்த வேர்வையைத்தான் நாங்கள் அளந்தோம். இரண்டு விரல்களில் சின்ன வெள்ளித் தகடுகளைப் பசை தடவி ஒட்டுவோம். உணரவே முடியாத அளவுக்கு மின்சாரம் விடுவோம். வேர்வை கூடினால் மின்சாரம் சுலபமாக ஓடும். காகிதச் சுருளின் மேல் பேனா மேலே ஏறும். மனம் அமைதியானால் பேனா கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளும்.

எங்கள் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். நான் என்ன படிக்கிறேன் என்று ஒரு பொங்கலுக்கு விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேர்வைய அளக்கறதுக்கு எதுக்கு அம்மணி இத்தனை படிப்பு? சித்திரையில தோப்புக்கு வா. படி படியா அளந்துக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜமீலாவிடம் வந்து சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பெயரே 'தோப்பு' என்றாகிவிட்டது.

ஜமீலா எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கோட்டைமேட்டுக்காரி. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, உக்கடத்தில் இரும்புச் சாமான் கடை. கடையில் உட்கார்ந்து வளர்ந்தவள் என்பதால் அவளுக்கு மனிதர்கள் என்றால் கூச்சமே கிடையாது. எனக்கு அப்படியே நேர்மாறு. முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூச்சத்துக்கு நான் ஓர் அழகான பெயர் வைத்திருந்தேன்... விஞ்ஞான ஒழுங்கு!

எங்கள் ஆராய்ச்சி இதுதான். அப்போது ஊரில் எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது. மில், வங்கி, கூட்டுறவுச் சங்கம், மண்டி, எல்லா இடத்திலும். அதுவரை பேனாவால் கணக்கு எழுதியவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து வெலவெலத்துப் போனார்கள். தப்பாக ஏதாவது அழுத்தினால் அது 'கீக்' என்று கத்தி, ஆங்கிலத்தில் திட்டியது. அதுவே நம் பேச்சில், நம் மரியாதையோடு பேசினால்? பயம் குறையாதா?

ஜமீலா இரண்டு நிரல்கள் எழுதினாள். இரண்டிலும் ஒரே வேலை: நூல் மூட்டைகளின் எடையைத் திரையில் பதிய வேண்டும். தப்பாகப் போட்டால் முதல் நிரல், 'பிழை. மீண்டும் உள்ளிடுக' என்று சத்தம் போடும். இரண்டாவது, சத்தமே இல்லாமல், 'பரவாயில்லீங்க, இன்னொருக்கா பாத்துப் போடுங்க' என்று சொல்லும். அந்த வாசகங்களை எழுத அவள் எத்தனை பாடுபட்டாள்! "இது ரொம்பக் கொழையுது", "இது வாத்தியார் பேசறாப்பல இருக்குது" என்று அடித்து அடித்து எழுதினாள். பேராசிரியர் அவற்றுக்கு ஏதோ எழுத்துக் குறியீடு கொடுத்திருந்தார். ஜமீலா வைத்த பெயர்தான் நிலைத்தது. முதலாவது 'மாமியார்'. இரண்டாவது 'பொறந்த ஊடு', அதாவது பிறந்த வீடு.

வேலைக்கு உட்கார, வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்தோம். பெரியநாயக்கன்பாளையம் பட்டறைகளிலிருந்து, மில்களிலிருந்து, மண்டிகளிலிருந்து வந்தார்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். பாவம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு, கோயிலுக்குள் வருவதுபோல ஒடுங்கி உள்ளே வருவார்கள்.

அவர்களோடு என்ன பேச வேண்டும் என்பதற்கு ஒரு விதிமுறை இருந்தது. வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்து நானே தமிழில் எழுதியது. "வணக்கம். தாங்கள் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறீர்கள். கையை அசைக்க வேண்டாம். சந்தேகம் இருப்பின் இப்போதே கேட்கவும்." இதற்கு மேல் ஒரு சொல்லும் பேசக்கூடாது. நான் பேசியதே இல்லை. பேசாமல் இருப்பதில் எனக்கு எத்தனை பெருமை!

ஜமீலா?

ஒருநாள் பொள்ளாச்சி வெல்ல மண்டியிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை வந்தார். பழனிசாமி என்று பெயர். நடு வயது, வெள்ளை வேட்டி. நான் அடுத்த அறையில் பேனாக்களுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தேன். நடுவில் கண்ணாடித் தடுப்பு. இருந்தாலும் எல்லாம் கேட்டது.

"வாங்க வாங்க, உக்காருங்க. எந்தூருங்க?"

"பொள்ளாச்சிங்க."

"பொள்ளாச்சியில எங்கீங்க?"

"மார்க்கெட் ரோட்டுல இருந்து உள்ள போகோணுமுங்க."

"அட, எங்க சின்னம்மா ஊடு அங்கதானுங்க! தேங்கா மண்டி காதர் பாய் ஊடு..."

"காதர் பாயிங்களா? அவரு நமக்கு நல்ல பழக்கமுங்க!"

"அப்பறம் என்னுங்க, நீங்க நம்ம ஊட்டு ஆளு. கையக் குடுங்க. ஏனுங்க, ஐஸாட்டம் இருக்குது! சாப்டீங்களா?"

"ஆச்சுங்க... அம்மணி, இது கரண்டு கிரண்டு அடிக்குமுங்களா?"

"அடிச்சா மொதல்ல என்னையத்தானுங்க அடிக்கோணும். நாந்தான தொட்டுட்டு இருக்கறேன்!"

அவர் சிரித்தார். அவள் தன் துப்பட்டா நுனியால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தகடுகளை ஒட்டும்போது அவர் கையைத் தன் கைக்குள் சற்று நேரம் வைத்துக்கொண்டாள். பசை பிடிக்க வேண்டும் என்பது காரணம். பசை பிடிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"விதிமுறையை மீறுற" என்று அன்று சாயங்காலம் சண்டை போட்டேன்.

"அம்மணி, ஊட்டுக்கு வந்தவிய கிட்ட எந்தூருன்னு கேக்காம எப்புடி கையத் தொடறது? எனக்கு வாய் வராது சாமி!" என்றாள். "நீ வேணும்னா என் வாயில பிளாஸ்திரி போட்டுடு."

அவளிடம் கோபப்பட முடியாது. கோபப்பட்டால் சாப்பாட்டு டப்பாவை நீட்டுவாள்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். இது குற்றமில்லை, முட்டாள்தனம் மட்டும்தான். குற்றம் பின்னால் வருகிறது. எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வருவதே பெரும்பாடு. ஒரே நாளில் நிரலை மாற்றி மாற்றிப் போட்டால் அது சண்டித்தனம் செய்து நின்றுவிடும். அதனால் நாள்களைப் பிரித்துவிட்டேன். திங்களும் புதனும் மாமியார். செவ்வாயும் வியாழனும் பொறந்த ஊடு.

திங்களும் புதனும் ஜமீலாவுக்கு இளங்கலை மாணவிகளின் செய்முறை வகுப்பு. ஆகவே அந்த நாள்களில் தகடு ஒட்டியது நான். செவ்வாயும் வியாழனும் ஒட்டியது ஜமீலா.

புரிகிறதா உங்களுக்கு? எனக்கு அப்போது புரியவில்லை! இரண்டு நிரலையும் இரண்டு பேரும் கலந்து நடத்த வேண்டும் என்பது முதல் வருட மாணவிக்கே தெரிந்த பாடம். ஆளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இயந்திரத்தைத்தான் அளக்கிறோம் என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன்.

முடிவு வந்தது... என்ன முடிவு! மாமியார் நாள்களில் பேனா எகிறியது. பொறந்த ஊட்டு நாள்களில் கோடு படுத்துக் கிடந்தது. பேராசிரியர் காகிதச் சுருள்களைத் தரையில் உருட்டி விரித்து, அவற்றின் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். கட்டுரை எழுதினோம். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. என் பெயர் முதலில், ஜமீலா பெயர் அடுத்து. ஜமீலா உக்கடத்திலிருந்து ஒரு பெட்டி அல்வா வாங்கிவந்து, வாட்ச்மேன் முதல் பேராசிரியர் வரை எல்லார் வாயிலும் திணித்தாள். "நம்ம மெஷினு பொழைச்சுக்குச்சு அம்மணி!" என்று என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பின்தான் ஜமீலாவின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. ஒரு வாரம் விடுப்பில் போனாள். கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டாலும், இன்னும் சிலரை வைத்து அளந்தால் பட்டத்துக்கான ஆய்வேட்டுக்கு உதவும் என்று நான் தொடர்ந்து ஆட்களை வரவழைத்தேன். செவ்வாய்க்கிழமை. பொறந்த ஊடு. நான் தகடு ஒட்டினேன். என் விதிமுறையை வாசித்தேன். அடுத்த அறைக்குப் போனேன்.

பேனா எகிறியது!

இயந்திரம் 'பரவாயில்லீங்க' என்று எத்தனை பணிவாகச் சொன்னாலும், கோடு இறங்கவே இல்லை. அடுத்த ஆள். அப்படியே. வியாழக்கிழமையும் அப்படியே. கருவியைத் தட்டிப் பார்த்தேன். பசையை மாற்றினேன். என் விரலிலேயே ஒட்டிப் பார்த்தேன். கருவியில் ஒரு குறையும் இல்லை.

ஜமீலா திரும்பி வந்ததும், வேறு காரணம் சொல்லி, ஒரு திங்கட்கிழமை அவளை மாமியார் நிரலுக்கு ஆள் உட்கார்த்தச் சொன்னேன். என் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அவள் வகுப்பை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தாள். வந்தவர் பட்டறைத் தொழிலாளி. அவருடைய ஊர், அவருடைய மனைவியின் ஊர், மகளின் காதுகுத்து எல்லாம் விசாரித்து முடித்துத் தகடு ஒட்டினாள். மாமியார் 'கீக்' என்று கத்தியது. 'பிழை' என்றது.

கோடு ஒரு நூல்கூட அசையவில்லை. அந்த மனிதர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஆராய்ச்சியில் இயந்திரம் ஒன்றுமே செய்யவில்லை. அந்த அறையில் பொறந்த ஊடு, ஜமீலா. மாமியார், நான்.

எத்தனை அழகான உண்மை அது! யோசித்துப் பாருங்கள். நடுங்கிக்கொண்டு வந்தவர்களை ஒரு பெண் ஊர் கேட்டு, கையைப் பிடித்து, பயத்தை எடுத்துவிட்டாள். அது எங்கள் காகிதத்தில் கோடு கோடாகப் பதிந்திருந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஜமீலாதான் அந்த ஆராய்ச்சியின் முடிவு. அவள்தான் கண்டுபிடிப்பு! நான் ஏன் சொல்லவில்லை?

அச்சுக்குப் போன கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். பேராசிரியர் முன் தலைகுனிய வேண்டும். 'இவ்வளவு சின்ன விஷயத்தைக் கோட்டை விட்டாயா?' என்று கேட்பார்கள். இவையெல்லாம் காரணம். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்... அடியில் வேறொன்று இருந்தது. இத்தனை பேரை வேர்க்க வைத்தது நான் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! என் முகம், என் குரல், என் அழகான விதிமுறை. அதை நான் தாங்கியிருக்க மாட்டேன். அவள் மேல் எனக்கு அத்தனை பிரியம். அதே நாளில் அவள் மேல் எனக்குப் பொறாமையும் வந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன.

"என்ன ஆச்சு அம்மணி, நான் இல்லாதப்ப போட்டதெல்லாம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"பசை காஞ்சு போச்சு. எல்லாம் வீணாப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"அய்யோ! அத்தனை பேர வரச் சொல்லி... விடு, மறுக்கா பாத்துக்கலாம்" என்றாள். அவள் சந்தேகப்படவே இல்லை. என்னைச் சந்தேகப்பட அவளுக்கு என்ன காரணம் இருந்தது?

இதுவரை சொன்னது என் பொய்யின் கதை. இனிதான் பாவம்.

கட்டுரை வெளிவந்ததும் ஆராய்ச்சியைத் தொடர அனுமதி வந்தது. ஆனால் ஒருவருக்குத்தான் இடம். அந்த ஒருவர் பிறகு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் சேர்ந்து வேலை செய்யலாம். ஜமீலாவுக்கு அந்த இடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடம் கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போட அத்தா சம்மதித்துவிட்டதாக என்னிடம்தான் முதலில் சொன்னாள். "ரெண்டு பேருல யாருக்குக் கெடைச்சாலும் நமக்குத்தான்" என்றும் சொன்னாள்.

பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"ஏம்மா, நிரல் எழுதறதுல அந்தப் பொண்ணு கெட்டி. எனக்கு அதையே போடலாம்னு தோணுது. ஆனா உள்ள வர்றவங்ககிட்ட ரொம்பப் பேசுதாமே? வெளிய இருந்து ஆள் வந்து பாத்தா கேப்பாங்களே. நீ கூடவே இருக்கற. நீ என்ன நினைக்கற?"

நான் என்ன நினைத்தேன்? பேச்சுதான் எல்லாம் என்று எனக்குத் தெரியும். உலகத்திலேயே அதைத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஜமீலா தொடர்ந்தால், என்றாவது ஒருநாள் அவள் மறுபடியும் திங்கட்கிழமை தகடு ஒட்டுவாள். என்றாவது அவளே பேனாவைப் பார்ப்பாள்...

"ஜமீலாவுக்கு விதிமுறை வராதுங்க சார்" என்றேன். "நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேனுங்க."

இதுதான் அந்த வாக்கியம்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் அது அத்தனை சுத்தமாக வேலை செய்தது.

இடம் எனக்குத்தான் என்று ஜமீலாவிடம் பேராசிரியரே சொல்லிவிட்டார். அவள் நேராக என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. தெரிந்துவிட்டதோ?

"எம்பட வாயே எனக்கு எமனாப் போச்சு அம்மணி" என்றாள். "நீ அப்பவே சொன்ன. நாந்தான் கேக்கல."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ போ. போயி நம்ம மெஷினப் பத்தி அங்கெல்லாம் சொல்லு. அவங்களுக்கும் கொஞ்சம் மரியாத கத்துக் குடு!" என்று சிரித்தாள். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம்!

சொல்லவில்லை. 'அழாதே' என்றேன்.

மூன்று மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. பெருந்துறைக்குப் போனாள். பிறகு அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாள்.

நான் வெளிநாடு போனேன். அங்கே என்னை வரவேற்ற ஆய்வகத்தில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பணிவான இயந்திரத்தை வைத்து அவர்களும் அளந்து பார்த்தார்கள். பேனா இறங்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள். என்ன சொன்னேன் தெரியுமா?

"இது கொங்கு நாட்டுப் பண்பாடு. எங்கள் மக்களுக்கு மரியாதைச் சொல் என்றால் உயிர். உங்கள் ஊரில் இது வராது" என்று மேடையில் ஏறி முழங்கினேன்! கைதட்டினார்கள். அதையே வைத்து இன்னொரு கட்டுரை எழுதினேன். அதில் ஜமீலாவின் பெயர் இல்லை. என் ஊரையே என் பொய்க்கு முட்டுக் கொடுக்க வைத்தேன். யாரால் மறுக்க முடியும்? மறுப்பதற்கு அவர்கள் பொள்ளாச்சி மண்டிக் கணக்குப்பிள்ளையைத் தேடி வர வேண்டும்.

ஊர் திரும்பி, பேராசிரியையாகி, எத்தனையோ மாணவர்களுக்கு வழிகாட்டினேன். 'ஆளையும் நிரலையும் கலந்து நடத்து, இல்லாவிட்டால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது' என்று ஒவ்வொருவரிடமும் கத்தியிருக்கிறேன். கண்டிப்பானவள் என்று எனக்குப் பெயர். ஏன் அப்படிக் கத்துகிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஜமீலா என்னை விடவில்லை. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பேசுவாள். கோயம்புத்தூர் வந்தால் டப்பா நிறையச் சோறு கொண்டுவருவாள். "எங்க புரபசரம்மா" என்று எல்லாரிடமும் என்னைக் காட்டுவாள். நான் அவளை நேசிக்கிறேன். நம்புவீர்களா? என் வாழ்க்கையில் அவளை விட நெருங்கிய மனுஷி எனக்கு இல்லை. அவளைத் திருடித் தின்றவளும் நான்தான்.

போன மார்கழியில் பெருந்துறைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் வாக்கியங்களைக்கூடத் தயார் செய்துகொண்டேன். விதிமுறை எழுதிப் பழகியவள் அல்லவா!

அவளுடைய மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். ஏதோ மென்பொருள் கம்பெனியில் வேலை. காபி கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, அம்மாவ நீங்களாச்சும் கொஞ்சம் கேளுங்க. ஏடிஎம்ல 'நன்றி'ன்னு வந்தாக்கூட, இது எங்குளுதுன்னு சொல்றாங்க. பஸ் டிக்கெட் போடறப்ப 'தயவுசெய்து காத்திருக்கவும்'னு வந்துச்சு... கியூவுல நிக்கறவங்க கிட்டயெல்லாம் கத சொல்லிட்டாங்க!"

"பின்ன?" என்றாள் ஜமீலா. முகமெல்லாம் வெளிச்சம். "மெஷினு மரியாதையாப் பேசோணும்னு மொதல்ல எழுதுனது யாரு? நானும் இவளும். உங்கம்மா சும்மா சமையல்காரின்னு நெனச்சியா? நானும் ஒண்ணு செஞ்சுபோட்டுத்தான் வந்திருக்கறேன்!"

மகள் உள்ளே போனாள். நாங்கள் இருவர் மட்டும்.

"ஜமீலா, உன் தங்கச்சி கல்யாணத்தப்ப... நீ ஒரு வாரம் வரலையே..."

"ஆமா! மழை கொட்டுச்சே! பந்தல் ஒழுகி, பிரியாணி அண்டாவுக்கு நாலு பேரு கொடை பிடிச்சாங்களே!" என்று அவள் ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கதை முடியும்வரை நான் காத்திருந்தேன். முடிந்தது. வாயைத் திறந்தேன்.

அவளுடைய அந்த முகத்தைப் பார்த்தேன். நான் சொன்னால், அவளுடைய மெஷின் செத்துப்போகும். சொன்னால், அதைவிடப் பெரிய ஒன்று அவளுடையதாகும். இரண்டும் உண்மை. அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்ள எனக்கு எத்தனை வசதியாக இருக்கிறது! இதுவும் இன்னொரு 'கொங்குப் பண்பாடு'தானோ?

விடைபெறுவதற்காகக் கையை நீட்டினேன். அவள் பிடித்தாள்.

"ஏன் அம்மணி, கை இப்படி வேர்க்குது?"

"வெயிலு."

"மார்கழியில என்ன வெயிலு?"

அவள் தன் சேலைத் தலைப்பால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், வாசலில் செருப்பை விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு வந்த அத்தனை பேருக்கும் துடைத்ததுபோல. பிறகு என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சாப்டியா?" என்றாள். "காலையில என்ன சாப்டே? மொகமே வாடிக் கெடக்குது."

என் நெஞ்சு அடங்கியது. உள்ளங்கை மெல்ல உலர்ந்தது. பக்கத்தில் ஒரு பேனா இருந்திருந்தால் அது கீழே இறங்கிப் படுத்திருக்கும். நான் அழித்த உண்மையை அவள் மறுபடியும் என் கையிலேயே நிரூபித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரியாது. எனக்கோ, அந்த அமைதியில், சொல்ல வேண்டும் என்ற தவிப்புகூட அடங்கிப்போனது. அவள் அன்பையே பயன்படுத்தி நான் அவளிடமிருந்து தப்பித்தேன்... மறுபடியும்!

"பாத்தியா? செரியாப் போச்சு" என்றாள்.

"ஆமா" என்றேன்.

கையில் ஒரு டப்பா கொடுத்துப் பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் கிளம்பி, அவள் கண்ணுக்கு மறைந்ததும், டப்பாவின் மூடி என் கையில் வழுக்கியது. மறுபடியும் வேர்த்திருந்தது. இதை எழுதும்போதும் வேர்க்கிறது.